நடந்து வருபவர்களுக்கு வாய்க்கால் கரை கேட்

அனுப்புநர்:
செ. தைலம்மாள்,
மூட்டை தைக்கும் பிரிவு,
பெண்ணைக்கரை சர்க்கரை ஆலை,
மணலூர்பேட்டை அருகில், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மேற்படி ஆலை.

பொருள்: பூட்டப்பட்டுள்ள வாய்க்கால் கரை கேட்டை, நடந்து வரும் ஊழியர்களுக்குத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆலைக்கு நடந்தே வாருங்கள், உடம்புக்கு நல்லது என்று பொங்கல் விழாவில் தாங்கள் கேட்டுக்கொண்டீர்கள். மேடைப் பேச்சுதானே என்று நாங்கள் விட்டுவிடவில்லை. எங்கள் பிரிவுப் பெண்கள் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, வாய்க்கால் கரையோடு பேசிக்கொண்டே வரத் தொடங்கினோம். ஒரு நாளில் எங்களுக்கென்று இருப்பது அந்த நேரம் ஒன்றுதான். அதற்குத் தங்களுக்கு நன்றி.

2. சென்ற வாரம் அந்தக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குக் காவலர் மாயவன், "நடந்து வர்றவங்க கரும்ப உருவித் துன்னுக்கினு வர்றாங்கன்னு ஆபீசுல சொல்றாங்க. நான் இன்னாம்மா பண்றது?" என்றார்.

3. உருவுவது உண்மைதான். கரும்பு லோடு பக்கத்தில் போனால் நம் ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. தாங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். ஆனால் கரும்பு டிராக்டர்கள் போவது மெயின் ரோட்டில். வாய்க்கால் கரையில் உருவுவதற்கு நாணல்தான் இருக்கிறது. கரும்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, எங்கள் எல்லாரையும் கரும்புக்கு நடுவிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறது அலுவலகம். இது என்ன யோசனை என்று எனக்கு விளங்கவில்லை.

4. கேட் பூட்டிய மறுநாள் ரோட்டோரம் நடந்து வந்த எங்கள் பிரிவுக் குஞ்சம்மாளை, டிரெய்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பு தோளில் அடித்துப் பள்ளத்தில் தள்ளியது. கை முறிந்து வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி. கரும்பைத் தொடவே மாட்டார். டாக்டரும் தாங்களும் சொன்னதால்தான் நடந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மற்ற பெண்களையும் இப்போது அவரவர் வீட்டார் நடந்து வர விட மறுக்கிறார்கள். இப்படியே போனால் தங்கள் திட்டத்தில் தாங்கள் மட்டும்தான் மிஞ்சுவீர்கள். தாங்களோ காரில் வருகிறீர்கள்.

5. ஆகவே ஷிப்டு தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலுமாவது அந்தக் கேட்டைத் திறந்து வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை நாங்கள் வாய்க்கால் கரை வழியாகவே வந்து கேட்டுக்கு வெளியே நிற்போம். சாவியோடு ஒருவரை அனுப்பினால் நேரத்தோடு வேலையில் இருப்போம். கை கூடியதும் அந்த வழியாகத்தான் வரலாம் என்று குஞ்சம்மாளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டோம்.

தங்கள் உத்தரவை நம்பியிருக்கும்,
செ. தைலம்மாள்
(காலை ஷிப்டில் நடந்து வரும் பெண்களுக்காகவும்)

இடம்: மணலூர்பேட்டை
நாள்: 10.02.2023