ஆத்மா அடுக்கிய செருப்பு

அப்பா,

உங்களை எழுப்பவில்லை. இன்று எனக்கு செமஸ்டர் பரீட்சை, ஏழரை மணி திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மணமேல்குடி சித்தி வீட்டிலிருந்து அம்மா வர சாயங்காலம் ஆகும். அதுவரை நீங்களும் தம்பி ஆத்மாவும்தான்.

தயிர்சாதம் தூக்குவாளியில் இருக்கிறது. ஆத்மாவுக்கு நீலத் தட்டில் போடுங்கள். ஊறுகாய் சாதத்தில் படக்கூடாது, தனிக் கிண்ணம். பதினொரு மணிக்கு காஸ் சிலிண்டர் வரும். 'டங்'கென்று வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். மெதுவாக இறக்கச் சொல்லுங்கள்.

நேற்று அவன் அடுக்கிவைத்த செருப்பு வரிசைக்கு நடுவில் உங்கள் செருப்பை விட்டீர்கள். அவன் தெருவில் எறிந்துவிட்டான். "பத்து வருசம் குவைத்துல கெடந்து கட்டுன வீடு, எஞ் செருப்ப விட எடமில்லையா?" என்று கத்தினீர்கள். நானும் விடவில்லை. "போன்ல பாத்தா புள்ளையத் தெரிஞ்சிருமா?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

என் செருப்பும் தெருவுக்குப் போயிருக்கிறது அப்பா, எனக்குப் பதினொரு வயசில். ஆட்டிசம் என்றால் என்னவென்று அப்போது எனக்கும் தெரியாது. அவனை நன்றாக அடித்திருக்கிறேன். மறுநாளும் அவன் என்னிடம்தான் வந்து உட்கார்ந்தான்.

வீட்டுச் சாவி டிவி மேலே.

கௌசி

பி.கு.: கிளம்பியவள் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வாசலில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் உங்கள் செருப்பு நேராக நிற்கிறது. நான் வைக்கவில்லை; நீங்களோ இன்னும் எழவில்லை. இன்று ஒரு நாள் அதை எடுக்காமல் வெறுங்காலோடு போய் சிலிண்டரை வாங்குங்கள்.