பின்னறையைக் காலி செய்த விவரம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் டாக்டர் அனுமதித்த அளவுக்குச் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். இந்த வீட்டின் வரலாற்றில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருப்பதை உனக்கு முறைப்படி தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிய கையோடு, பின்னறையில் உள்ள தையல் சாமான்களைக் குறைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஓட்டுரிமை உள்ளவர்கள் இருவர். நான் முன்மொழிந்தேன், அம்மா கை தூக்கினாள். கட்டைவிரல் வலியால் முழுக்கத் தூக்க முடியவில்லை, ஆனாலும் நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

இதில் உனக்கும் பங்கு உண்டு என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து ஒரு வருஷத்தில் தூக்கிக்கொண்டு வருவேன், பின்னறையில் தொட்டில் போட இடம் பண்ணிவையுங்கள் என்றாய். கூடவே, ஒரு வருஷமாகத் தொடாத பொருள் நமக்குத் தேவையில்லாத பொருள் என்று ஒரு விதியையும் போனில் சொல்லிக்கொடுத்தாய். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா அதைக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள். எனக்கோ முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்த கை. யாரும் எடுத்துப் படிக்காத புத்தகத்தைக் கழித்துக்கட்டும்போது ‘நீக்கப்பட்டது’ என்று குத்துவோமே, அந்த ரப்பர் முத்திரை ஓய்வு பெற்ற அன்று எப்படியோ என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பதினான்கு வருஷமாக அதற்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பதவி கிடைத்தது என்று வைத்துக்கொள்.

நான் நாற்காலியில் முத்திரையோடு உட்கார்ந்தேன். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். பிஸ்கட் டப்பா ஏழு, எதிலும் பிஸ்கட் இல்லை. ஜோடி பிரிந்த பொத்தான்கள் ஒரு ஊருக்குத் தேவையான அளவு. இஞ்சு டேப் நான்கு, நான்கும் என் இடுப்பைப் பற்றி வேறுவேறு கருத்து வைத்திருந்தன. எந்தப் பாவாடையிலிருந்து பிரித்தது என்று யாருக்கும் தெரியாத ஜிப்புகள், நூல்கண்டுகள், லைனிங் துணி, சாக்பீஸ், ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் நான் கடைசியாக எப்போது தொட்டாய் என்று கேட்பேன், அவள் பதில் சொல்வாள், நான் தாளில் முத்திரை குத்திக் கட்டிவிடுவேன். உன் அம்மாவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். கட்டைவிரல் மூட்டு வீங்கியதிலிருந்து அவள் ஊசி பிடித்தே இரண்டு வருஷம் ஆகிறது, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. கடைசியில் பச்சை நிறத் தகர டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே துண்டுத் துணிகள், எல்லாம் ஒரே அளவில் சதுரமாக வெட்டி அடுக்கியவை. இது எப்போது தொட்டது என்றேன். மேல் துண்டை ஒரு தரம் நீவிவிட்டு, இதுவும் ரெண்டு வருஷந்தான் என்றாள். எனக்கு அதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. மேலே இருந்த துணியின் மேலேயே முத்திரையைக் குத்தினேன். அவள் டப்பாவை மூடிக் கொடுத்தாள். ஏன் தடுக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, விதி விதிதானே என்றாள். சட்டத்துக்கு இவ்வளவு அடங்கிய இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கத்திரிக்கோலும் நூலும் அடுத்த தெரு தையல்காரம்மாவுக்குப் போயின. பொத்தான்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லித்தரும் டீச்சருக்கு. துணி மொத்தமும், பச்சை டப்பா உட்பட, முனையில் இருக்கும் வண்டிப் பட்டறை மெக்கானிக்குக்கு, துடைக்க ஆகும் என்று. தையல் மிஷின் மட்டும் தப்பியது, அதை எங்களால் தூக்க முடியவில்லை. அறை பளிச்சென்று ஆகிவிட்டது. பேசினால் எதிரொலி கேட்டது. நாங்கள் இருவரும் வாசற்படியில் நின்று பத்து நிமிஷம் அதை வேடிக்கை பார்த்தோம்.

மூன்றாம் நாள் தலையணை உறையில் தையல் விட்டது. வீட்டில் ஒரு முழம் நூல் இல்லை. அம்மா தையல்காரம்மாவிடம் போய் நூல் வாங்கி வந்தாள், அது அவளுடைய நூலே. அடுத்த வாரம் கத்திரிக்கோல் தேவைப்பட்டது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க நாக்கு வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தம்மா நல்லவர், அக்கா எடுத்துக்குங்க, ஆனா வேலை நெறைய கெடக்கு, இங்கயே உட்கார்ந்து வெட்டிக்குங்க என்றாராம். ஆக உன் அம்மா தினமும் மத்தியானம் அடுத்த தெருவுக்குப் போய், தன் கத்திரிக்கோலை இரவல் வாங்கி, அங்கேயே வைத்துவிட்டு வருகிறாள். இதுவரைகூட நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு உன் போன் வந்தது. நீ என்ன கேட்டாய் என்று உனக்கே நினைவிருக்கும். அந்த ஒட்டுத்துணிப் போர்வை முடிஞ்சுடுச்சாம்மா, பிள்ளைக்கு முதல்ல அதைத்தான் போர்த்தணும் என்றாய். அம்மா சிரித்தபடி, கடைசி வரிசைதான் பாக்கி என்றாள். போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து, பழைய புடவைக்கு அடியிலிருந்து பாதிப் போர்வையை எடுத்து என் மடியில் போட்டாள். எட்டு வரிசையில் நான்கு தைத்திருந்தாள். உன் பள்ளிச் சீருடை, முட்டியில் கிழிந்த பாவாடை, காய்ச்சலில் கிடந்தபோது போட்டிருந்த நீலச் சட்டை, எல்லாம் சதுரம் சதுரமாக இருந்தன. பாக்கி நான்கு வரிசைக்கு வெட்டி வைத்ததுதான் பச்சை டப்பாவில் இருந்தது. இது எனக்குத் தெரியாது. நான் கேட்ட கேள்வி எப்போது தொட்டாய் என்பது, எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியதிலிருந்து அவ்வளவு தூர விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிரசவத்துக்கு அவளால் வர முடியாது என்பது உனக்கும் தெரியும். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் என்னைத் திட்டவில்லை. “நான் போக முடியாது. இது போயிருந்தா நான் போன மாதிரி இருந்திருக்கும்” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். “சார், என்ன துணி சார் அது, சுத்தப் பருத்தி. ஆயிலை அப்படியே குடிக்குது. இன்னும் இருக்கா?” என்று கேட்டான். டப்பா இருந்தது, அதில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பாவம், முகம் விழுந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு ஒரு வண்டிக்கு அடியில் போய், குப்பைக் கூடையைக் கவிழ்த்து, தன் தோளில் கிடந்ததையும் உருவிக் கொடுத்தான். எனக்கும் ஒரு பிள்ளை இருக்குது சார், சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன் என்றான். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். பதினொரு துண்டு தேறியது. நீ முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது போட்டிருந்த மஞ்சள் கவுன் துணியில் பதினைந்து துண்டு வெட்டியிருந்தாளாம், ஒன்றே ஒன்று கிடைத்தது, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த துண்டு. சோப்பு, சோடா உப்பு, வெந்நீர் எல்லாம் போட்டுத் துவைத்து அம்மாவும் நானும் கொடியில் காயவைத்தோம். நான் கிளிப் மாட்டினேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

இப்போது தினமும் ஒரு மணி நேரம் தைக்கிறாள். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, பத்துத் தையலுக்கு ஒரு தரம் கையை உதறிவிட்டுத் தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு ஊசிக்கு நான்கு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன், அதற்குள் அவள் ஓய்வெடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாள். குறைந்த துண்டுகளுக்கு என் சட்டைகளை எடுத்துக்கொண்டாள். ஒன்றைக் கையில் எடுத்து இது எப்போது போட்டது என்று கேட்டாள், நேற்று என்றேன், சரி என்று வெட்டிவிட்டாள். விதி எனக்கு மட்டும் பொருந்தாதாம். மிச்சமிருக்கும் இரண்டு சட்டைகளை நான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன், குறை சொல்லும் நிலைமையில் நான் இல்லை. தபால் போய்ச்சேர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள், உன் நாளும் நெருங்குகிறது. எட்டு வரிசை முடியாது, ஆறில் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளைக்கு ஆறு போதும் என்று அவளிடம் சொல்கிறேன். அப்படியா என்று கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

மாடிப்படி ஏறி இறங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாதே, இந்த வயதிலும் நான் செய்யாததை அவர் செய்கிறார். அம்மா ஆறு வரிசை என்று போனில் சொன்னால் எட்டு என்று சொன்னாயே என்று கேட்டுவிடாதே. இந்தக் கடிதம் நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வலி எடுத்தால் எந்நேரமானாலும் போன் செய், எங்களால் வர முடியாவிட்டாலும் எடுக்க முடியும். தாயும் பிள்ளையும் தனித்தனியாகி நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: எழுதி நான்கு நாள் ஆகியும் கடிதத்தை உறையில் போடாமல் வைத்திருந்தேன். போர்வை இன்று காலை தபாலில் போய்விட்டது. ஐந்தாவது வரிசையில் நடுவில் இருக்கும் மஞ்சள் துண்டில் ஊதா மையில் ‘நீக்கப்பட்டது’ என்று இருக்கும். மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.