நெரிடாவின் கல்லீரல்

14 மார்ச், 2015

அன்புள்ள நெரிடா அவர்களுக்கு,

நன்றி சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் உறுப்பு தான அலுவலகம் வழியாக வந்து சேர்ந்தது. முதல் பெயரைத் தவிர ஊர், விலாசம் எதுவும் எழுதக் கூடாதாம். எழுதினால் அங்கே இருக்கிற அம்மா கறுப்பு மையால் அடித்துவிடுவாராம். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஆஸ்திரேலியாவில் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. லாக்லன் எங்களுக்கு ஒரே பையன், லாக்கி என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அவனுடைய கல்லீரல் உங்களிடம் நன்றாக வேலை செய்கிறது என்று படித்ததும் என் மனைவி லொரெய்ன், "அங்கயாவது ஒழுங்கா வேலைக்குப் போறானே" என்றாள். சிரித்தோம். எனக்கு எல்லாமே, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்


2 ஆகஸ்ட், 2018

அன்புள்ள டெஸ் அவர்களுக்கு,

லொரெய்னுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நான் வேலை செய்யும் கடையில் மீன் பொரித்து, சிப்ஸ் பொரித்து, காலம் ஓடுகிறது.

ஒரு விஷயம். வேறொருவர் கல்லீரலை என் உடம்பு எதிரி என்று தாக்காமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன் அல்லவா? அந்த மாத்திரையே என் சிறுநீரகங்களைக் கெடுக்கிறது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சிலருடைய உடம்பு மாத்திரை இல்லாமலே ஏற்றுக்கொள்கிறதாம். ஏற்காவிட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. உங்களிடம் சொல்லாமல் அதில் சேரக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

நெரிடா


19 ஆகஸ்ட், 2018

அன்புள்ள நெரிடா,

போடாதீர்கள். பஸ் ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்டு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை, தெரியும். ஆனாலும் வேண்டாம்.

இதை எழுதும்போது லொரெய்ன் எட்டிப் பார்த்தாள்.

"அது அவ வயிறு, டெஸ். உனக்கு அங்க என்ன வேலை?"

"நம்ம பையன் இருக்கான்ல?"

"இருக்கானா? அப்ப இந்த கிறிஸ்மஸுக்காவது ஒரு ஃபோன் பண்ணச் சொல்லு."

சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அவனுடைய சிறுநீரகங்களும் கண்களும் யார் யாரிடமோ இருக்கின்றன. அவர்கள் எழுதவில்லை. எழுதியது நீங்கள் ஒருவர்தான்.

டெஸ்


6 செப்டம்பர், 2019

அன்புள்ள டெஸ்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரையைக் குறைத்துக் குறைத்து முழுக்க நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக வந்தது. ஊசியால் கல்லீரலில் துளி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "உங்க உடம்பு இதை இன்னும் வெளியாளாத்தான் பார்க்குது, நெரிடா" என்றார். மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். இனி ஆயுள் முழுக்க மாத்திரைதான். சிறுநீரகம் அதிக நாள் தாங்காது, டயாலிசிஸுக்குத் தயாராக இருங்கள் என்கிறார்கள்.

நீங்கள் சொன்னதுதான் சரி. லாக்கி பத்திரமாக இருக்கிறான்.

நெரிடா


29 செப்டம்பர், 2019

அன்புள்ள நெரிடா,

பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸிலேயே உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். "வெளியாள்" என்று டாக்டர் சொன்ன இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. உங்களுக்குள் கரைந்து போகாமல் அவன் அவனாகவே இருக்கிறான் என்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சந்தோஷம் அது. சிறுநீரகம் தாங்காது என்ற வரியை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் பார்த்தேன்.

லொரெய்னிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைக்கு வயசு என்ன, டெஸ்? புள்ளகுட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

இந்த மனதை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுவது சரியில்லை. இதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதுதான் சரி.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். லாக்கிக்காக வேண்டாம். உங்களுக்காக.

டெஸ்