குளவியின் புருஷன்

என்னை விட்டுப் பறந்துபோன பேராசிரியருக்கு,

வண்டுப் புழுவின் மேல் முட்டையிடும் புதிய ஒட்டுண்ணிக் குளவி இனத்தைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். இறக்கை, தாடை என்று வர்ணனை அமர்க்களம். அதற்கு உன் புது மனைவியின் பெயரை வேறு வைத்திருக்கிறாய்.

நேற்று பெர்த் நகருக்கு வெளியே, யூகலிப்டஸ் பூவில் உன் குளவியைப் பிடித்தேன். இறக்கையில்லாத பெண் குளவி ஒன்றோடு கூடியிருந்தது. அவளுடைய இனத்துக்கு நான் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது.

அருங்காட்சியகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நொரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, இந்த மனுஷன் உன் குளவியோட புருஷனப் புடிச்சுல்ல புது இனம்னு எழுதியிருக்காரு!”

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முந்திய பெயர்தான் செல்லும். விதி உனக்குத் தெரியும். உன் மனைவியின் பெயர் அடிபட்டுப் போகும்.

அந்த ஆண், பறக்க முடியாத தன் பெண்ணைப் பூவுக்குப் பூ தூக்கிச் சென்று தேன் குடிக்க வைக்கிறது. அதைப் போய் உன் இனம் என்று எழுதிவிட்டாயே!

இப்படிக்கு,
முந்திய பெயருக்குச் சொந்தக்காரி