வேலிக்கு வெளியே நான்கு பந்து

பேபிக்கு,

பள்ளியில் வைக்கப்போகும் சாப்ட்பால் கௌரவப் பலகையில் என் பெயர் இல்லை என்று நம் அணியில் ஆடிய கனகவல்லி, நான் வேலை செய்யும் பம்மல் செருப்புப் பட்டறைக்கே வந்து சொன்னாள். "ஒன்பதாவதுல நின்னுட்டவ பேரை எப்டிமா எழுதறது?" என்று பி.டி. டீச்சர் கேட்டார்களாம். கேப்டனான நீ தலையைக் குனிந்துகொண்டாயாம்.

மாவட்டப் போட்டியில் மைதான வேலியைத் தாண்டிய நான்கு பந்தும் நான் அடித்தவை. அதனால்தான் கோப்பை வந்தது. அன்று பத்திரிகைக்காரரிடம் எனக்காக நீதான் பேசினாய். "இவளுக்கு வாயே கெடையாது சார், கைதான்" என்று சிரித்தாய்.

நான் படிப்பை விட்டுத் தோல் வெட்டப் போனது ஏன் என்று நீ சொல்லியிருக்க வேண்டாம். அந்த நான்கு பந்தையாவது சொல்லியிருக்கலாம்.

விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். வருகிறேன். டீச்சரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் அணியில் முதல் பேஸில் நின்றவள்