இங்வாரின் மகள்

இங்வாருக்கு,

நம் குழந்தையின் கல்லறைக்கு இத்தனை வருடம் கழித்து வைக்கும் கல்லில் உன் பெயர் வேண்டாம் என்று கனடாவிலிருந்து எழுதியிருக்கிறாய். பெயர் சூட்டும் முன்பே இறந்தவளுக்கு இங்கே ஐஸ்லாந்தில் வேறு என்ன பெயர் இருக்கிறது? 'இங்வார்ஸ்தோத்திர்', இங்வாரின் மகள், அவ்வளவுதான்.

கல் செதுக்குபவரும் கேட்டார். "அப்பா பேரு மட்டுமா? இப்பவாவது ஒரு பேரு வெச்சிடுங்களேன்!"

"அவ அப்பா கடல்லேருந்து வந்து, முகத்தைப் பாத்துட்டு வைக்கறேன்னாரு," என்றேன். கல் செதுக்குபவர் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அங்கே உன் மகள்கள் இருவருக்கும் 'டோர்ஃபாசன்' என்பதே குடும்பப்பெயராம். அதாவது, உன் அப்பா டோர்ஃபியின் மகன்! பெண்களை மகனாக்கும் ஊர் என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. உன் பெயரைத் தாங்கியவள் இவள் ஒருத்திதான்.

அதையும் எடுத்துவிட்டால் கல்லில் 'மகள்' என்ற சொல்தான் மிஞ்சும். யாருடைய மகள் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அவளுடைய அம்மா