அம்மா இறங்கி வந்த சரிவு

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுறேன். நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம், அங்க நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்னு நம்புறேன். போன்ல பேசினா ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் தங்கச்சி, எதையும் முழுசா சொல்ல முடியல, அதான் எழுத உட்கார்ந்தேன்.

இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு அம்மாவை சக்கர நாற்காலியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது உனக்குத் தெரியும். வாசல்ல இருக்கிற மூணு படிதான் தலைவலியாப் போச்சு. நானும் உன் மாமாவும் நாற்காலியோட தூக்கி இறக்கினோம், அவளுக்கு அது கூச்சமா இருந்திருக்கு, இனி வெளியவே வேண்டாம்னுட்டா. மாமா அவர் வெல்டிங் பட்டறையில இருந்து இரும்புத் தகடு கொண்டு வந்து கண்ணளவுல ஒரு சரிவு போட்டார். நல்ல மனசோடதான் செஞ்சார், ஆனா ரொம்ப செங்குத்தா அமைஞ்சுபோச்சு. இறங்கும்போது பின்னால பிடிச்சிருந்த அவர் கை நழுவி நாற்காலி வேகம் எடுத்துடுச்சு, நான் முன்னாடி நின்னு நெஞ்சால தாங்கலேன்னா என்ன ஆகியிருக்குமோ.

பிசியோதெரபிக்கு வர்ற பொண்ணு, சாய்வு அஞ்சு டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு நாங்க முழிச்சிட்டு நின்னப்போ, நான் கணக்குப் போடுறேன்னு தங்கச்சி உன் பழைய லேப்டாப்பை எடுத்தா. கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலாகி, காலேஜையும் விட்டுட்டு, யார் முகத்தையும் பார்க்காம இருந்த பிள்ளை தானா வந்ததே எனக்குப் பெரிசு. படியோட மொத்த உயரம் நாற்பத்தஞ்சு சென்டிமீட்டர், அதை அஞ்சு டிகிரியோட சைனால வகுத்தா நீளம் வந்துடும், பைதான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில சைனெல்லாம் ரெடியா இருக்கு, கூப்பிட்டா போதும்ப்பான்னு சந்தோஷமா சொன்னா. வந்த விடை மைனஸ் நாற்பத்தேழு. மாமா சும்மா இல்லாம, அப்போ தரைக்குள்ளதான் தோண்டணும் போலன்னு சிரிச்சுட்டார். "எனக்குக் கணக்கு வராதுன்னு இதுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சுப்பா"ன்னு சொல்லிட்டு அவ லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா.

உங்கம்மாதான் நாற்காலியை உருட்டிக்கிட்டு உள்ளே போனா. திட்டவும் இல்ல, தேத்தவும் இல்ல, அதுகிட்ட நீ என்னதான் கேட்டே, எனக்குச் சொல்லுன்னு மட்டும் கேட்டா. அம்மாவுக்குப் புரியணுமேன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு வரும்போதே இவளுக்குப் பொறி தட்டியிருக்கு. அஞ்சுன்னு கொடுத்தாளே தவிர டிகிரின்னு எங்கேயும் சொல்லல. அந்த சைன் கோணத்தை ரேடியன்ங்கிற வேற அளவுலதான் எடுத்துக்குமாம், டிகிரியை ரேடியனா மாத்தவும் அதுக்குள்ளேயே வழி இருக்காம். மாத்திக் கொடுத்ததும் ஐநூத்திப் பதினாறு வந்துச்சு, அதாவது அஞ்சு மீட்டரும் சொச்சமும். வாசல்ல இருந்து கேட் வரைக்கும் அவ்வளவு இடம் ஏது? அதுக்கும் அவளே, சுவரை ஒட்டிப் பாதி, திரும்புறதுக்கு ஒரு சமதளம், அப்புறம் மீதின்னு வரைஞ்சு கொடுத்தா. மாமா மறுபேச்சு பேசாம ரெண்டு துண்டா செஞ்சு, யாரும் கேட்காமலே கைப்பிடியும் வச்சுக் கொடுத்தார். சிரிச்சதுக்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்னு வச்சுக்கோ.

நேத்து சாயங்காலம் நான் கடைக்குப் போயிட்டு வந்தா கதவு திறந்து கிடக்கு, நாற்காலியும் இல்ல, ஆளும் இல்ல, தங்கச்சி குளிச்சுக்கிட்டு இருக்கா. பதறியடிச்சு தெருவுல ஓடினா, மூலையில தையல் கடைக்காரம்மாவோட உங்கம்மா சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. யாரு கூட்டிட்டு வந்தான்னு கேட்டேன். "யாரும் கூட்டிட்டு வரல. நீங்க போங்க, நான் வர்றேன்"னா. நான் வந்துட்டேன். வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட அதைச் சொன்னேன், தலையில சுத்தின துண்டோட ஓடிப்போய் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா வர்ற வரைக்கும் அங்கேயே நின்னா.

பரீட்சை திரும்ப எழுதப் போறியான்னு மட்டும் அவகிட்ட நீயா கேட்காதே, தோணும்போது அவளே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை மறக்காம அவ நம்பருக்கே போன் பண்ணு. கண் எரிய எரிய வேலை பார்க்காதே. எங்க ரெண்டு பேர் ஆசியும் எப்பவும் உன் கூட இருக்கும், நல்லா இரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா